ஒரு மில்லி

நாகலாபுரம் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி
பையைத் திற என்றார்கள்.
பன்னிரண்டு சீசா, வரக்காப்பி நிறம்.
காவலர் ஒன்றைத் திருகி முகர்ந்து
அயோடின் ஏறித் தும்மினார்.
இதேமிட்டி?
நீள்ளு சார். மடுகுத் தண்ணி.
வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார்.
இதுல ஒண்ணுமே இல்லையே.

அந்த ஒன்றுமே இல்லாததை எண்ணத்தான்
எனக்குச் சம்பளம்,
அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கரடிமடுகு ஆரணியாற்றின் ஓரத்துப் பள்ளம்.
ஆறு பெருகினால் கரையேறி உள்ளே வந்து
வண்டலைக் கொட்டி, மீன்குஞ்சை விட்டு,
பழைய நீரை அள்ளிக்கொண்டு போகும்.
மேலே அணை வந்தபின்
ஆறு ஷட்டரிடம் கேட்டுத்தான் பெருக வேண்டும்.
கேட்டதும் கிடைப்பதில்லை.
பதினாறு வருடமாக மடுகு
தன் நீரையே தான் குடிக்கிறது.

பொறியாளர் லோகநாதத்தின் படிவத்தில் இதெல்லாம் வராது.
நிறம்: ஏற்கத்தக்கது. மணம்: ஏற்கத்தக்கது.
பூச்சிக்கெல்லாம் ஏதும்மா இடம் என்பார்.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
என் கட்டைவிரல் அகலம்.

இரவு, ஊத்துக்கோட்டை வாடகை அறை.
ஆயிரம் கட்டம் கீறிய கண்ணாடியில் ஒரு மில்லி.
இடது கையில் எண்ணும் கருவி.
டயாட்டம், கண்ணாடியில் வீடு கட்டி
அதற்குள்ளேயே செத்தவை;
ஓடும் நீரில் வாழும் வகை ஒன்றுகூட இல்லை.
மைக்ரோசிஸ்டிஸ், கடுகு தாளித்தது போல் எங்கும்.
பிறகு சக்கர உயிரிகள்,
சக்கரத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஓட்டோடு மல்லாந்தவை,
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் பெண். தாய் தனியே ஈன்ற மகள்கள்.
தண்ணீரில் எதிரியின் வாடை பட்டால்
தாய்க்கு ஒன்றும் ஆகாது,
அடுத்துப் பிறப்பவள் முள்ளோடு பிறப்பாள்.
போன மாதம் பாதிப் பேருக்கு முள்.
இந்த மாதம் எல்லோருக்கும்.

மீன் ஏலம் எடுத்த ரெட்டெம்மாவுக்குப் பெயர்கள் வேண்டாம்.
லட்சத்து எண்பதாயிரம் கட்டியிருக்கிறாள்.
செத்து மிதக்குமா மிதக்காதா, அதை மட்டும் சொல்லு.
ரெண்டு நாள் மேகம் மூடினா
விடியக்காலம் மூச்சு முட்டும், இப்பவே பிடி என்றேன்.
குஞ்சைப் பிடிச்சு யாருக்கு விக்க?
பாதி வலை போட்டாள்.
மறுபாதி ஐப்பசி எட்டாம் தேதி கரை ஒதுங்கியது,
வெள்ளை வயிறு மேலே.
அந்த மாதப் படிவத்தில்
மணம் மட்டும் மாறியது.

அன்றைக்குத்தான் பி.வி.சி. குழாயைச் சேற்றில் இறக்கினேன்.
ஒரு சாண் வரை கறுப்பு.
அதற்குக் கீழே செம்மண் வண்டல்,
ஆறு கடைசியாக வந்துபோன தடம்.
அதில் ஒரு கரண்டி எடுத்து டிபன் டப்பாவில் போட்டு
குளோரின் போக ஒரு பகல் வெயிலில் வைத்த
குழாய்த் தண்ணீர் ஊற்றி
ஜன்னலோரம் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஏதோ துள்ளியது.
நீர்த்தெள்ளு.
மடுகில் நான் ஒருமுறைகூடப் பார்க்காத இனம்.
சேணம் போன்ற கறுப்பு உறைக்குள் முட்டையாக
வெள்ளத்துக்குக் காத்திருந்திருக்கிறது.
வந்ததோ பேரூராட்சி நீர்.
லென்சுக்குள் அதன் ஒற்றைக் கண்
விளக்கின் பக்கம் திரும்பியது.
முதுகில் இதயம். பழக்கத்தில்
அதன் துடிப்பையும் எண்ணத் தொடங்கினேன்;
கருவி தோற்றது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: உயிருடன், 1.
லோகநாதம் சிவப்பு மையில் சுழித்து
அலகு குறிப்பிடவும் என்று திருப்பி அனுப்பினார்.

திங்கட்கிழமை அவசரத்தில்
வெயிலில் வைக்காத தண்ணீரை ஊற்றிவிட்டேன்.
சாயங்காலம் டப்பாவின் அடியில் தூசு மாதிரி.

குழாயில் இன்னும்
அரைச் சாண் வண்டல் இருக்கிறது.